மண்ணின் ஈரமும் மின்சார நேரமும்

கடந்த புரட்டாசியில் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் நான்கு ஏக்கர் நிலத்தை இப்போது என் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். இரண்டு ஏக்கரில் மஞ்சள், மீதியில் தென்னை. கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்த எனக்கு நிலத்தோடு உள்ள உறவு, விடுமுறையில் போய் வரப்பில் நடந்துவிட்டு வருவதோடு சரி.

அன்று காலை அவன் ஒரு கைக்கருவியைக் காட்டினான். இரண்டு உலோகக் கம்பிகள். மேலே ஒரு சிறு பெட்டி. மஞ்சள் பாத்தியில் கம்பிகளை அழுத்தி, பொத்தானைத் தொட்டதும் நீல விளக்கு எரிந்தது. நீலம் என்றால் மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கிறது, தண்ணீர் தேவையில்லை என்று பொருள். நான்கு நாள்களுக்கு முன் நல்ல மழை பெய்திருந்ததால் எனக்கு அதில் வியப்பில்லை. வியப்பு வேறொன்றில் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடி தொலைவில், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் மஞ்சளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நீலம் எரிஞ்சா தண்ணி வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கருவி சொல்றது செரிதானுங்க பெரியப்பா. ஆனா நாளைக்குக் கரண்டு எப்ப வரும்னு அது சொல்லுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே மனத்தில் ஓடியது. மண்ணின் ஈரத்தை மின்னணு உணரிகளால் அளந்து பாசனம் செய்வது குறித்து இன்று வேளாண் துறையும் பல்கலைக்கழகங்களும் புதிய தொழில் நிறுவனங்களும் உற்சாகமாகப் பேசுகின்றன. அந்த உற்சாகத்தில் நியாயம் உண்டு. ஆனால், அளந்து அறிந்த பிறகும் மோட்டார் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. அது பொறியியல் கேள்வியன்று, பொருளியல் கேள்வி. ஆகவே அதைப் பேசும் பொறுப்பு என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது.

கைப்பிடி மண்ணிலிருந்து மின்னலை வரை

மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறியும் முயற்சி உழவு தோன்றிய நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உலர விட்டால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்ற கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்கிறார். உலர்வதற்கு முன்னும் பின்னும் மண்ணின் எடையை ஒப்பிடும் சிந்தனை அதில் இருக்கிறது. இன்றைய ஆய்வகங்களிலும் அடிப்படை முறை அதுதான். வயலிலிருந்து மண்ணை எடுத்து எடை பார்த்து, 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடியும் எடை பார்ப்பார்கள். இழந்த எடையே மண்ணில் இருந்த நீர். மிகத் துல்லியமான முறை. ஆனால் முடிவு வருவதற்குள் ஒரு நாள் கடந்துவிடும். அதற்குள் பயிரின் நிலை மாறிவிடும்.

அனுபவம் மிக்க விவசாயி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். உருண்டை உடையாமல் நிற்கிறதா, உதிர்கிறதா, விரலில் ஒட்டுகிறதா என்பதில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. கைக்கு எட்டுவது மேல்மண். பயிர் நீர் உறிஞ்சும் ஆழமோ ஓர் அடிக்கும் கீழே. மேலே காய்ந்து கிடக்கும் நிலம் உள்ளே ஈரமாக இருப்பது சாதாரணம். தேவையற்ற பாசனத்தில் பெரும்பகுதி இந்த மயக்கத்தால்தான் நடக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே கருவிகள் வந்தன. நுண்துளைகள் கொண்ட பீங்கான் முனையை மண்ணில் புதைத்து, வேர்கள் நீரை எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது என்று அளப்பது டென்சியோமீட்டர். இரண்டு மின்முனைகளை ஜிப்சம் கட்டையில் பதித்து மின்தடையை அளக்கும் முறை 1940-இல் அறிமுகமானது. 1980-இல் டாப், டேவிஸ், அன்னன் என்ற கனடா அறிவியலாளர்கள், மண் வழியாக மின்காந்த அலை செல்லும் வேகத்தைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிடும் வழியை வகுத்துத் தந்தார்கள். இன்றைய மின்னணு உணரிகள் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுவே. மின்காப்பு மாறிலி என்ற அளவு தண்ணீருக்குச் சுமார் 80, உலர்ந்த மண்துகளுக்கு 3 முதல் 5 வரை, காற்றுக்கு 1. எனவே மண்ணின் மின் இயல்பு சற்று மாறினாலும் அதற்குக் காரணம் தண்ணீர்தான் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி, இந்த அறிவியலை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உகந்ததாக்கியது. எண்கள் இல்லை, நான்கு நிற விளக்குகள் மட்டுமே. நீலம் என்றால் ஈரம் மிகுதி. பச்சை என்றால் போதுமான ஈரம். ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம். சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். என் தம்பி மகன் கையில் இருந்தது அந்த வகைக் கருவிதான். வயலிலேயே நிலையாகப் பதித்து, அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் உணரிகளும் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் விலை பல ஆயிரங்களில் தொடங்குகிறது.

எண் ஒன்று, பொருள் பல

கருவியை நிலத்தில் செருகிவிட்டால் உண்மை தானாக வெளிப்பட்டுவிடும் என்று நினைப்பதும் தவறு. ஓர் உணரி 20 விழுக்காடு ஈரம் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மணற்பாங்கான நிலத்தில் அது நிறைவான ஈரம். அதற்கு மேல் விடும் தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். கனத்த கரிசல் மண்ணிலோ அதே 20 விழுக்காட்டில் பயிர் வாடத் தொடங்கலாம். களிமண் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். இருக்கும் நீரை வேருக்கு எளிதில் தராது. எண் ஒன்றுதான், மண் மாறினால் பொருள் மாறிவிடுகிறது.

வேறு சிக்கல்களும் உண்டு. கரிசல் மண் காய்ந்து வெடிக்கும்போது உணரிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்துவிடும். உள்ளே ஈரம் இருந்தும் கருவி வறட்சியைக் காட்டும். உப்புத்தன்மை மிகுந்த நிலத்தில் விலை குறைந்த உணரிகள் இருப்பதைவிடக் கூடுதலாக ஈரம் காட்டும். சொட்டுநீர்க் குழாயின் துளைக்கு அருகில் பதித்தால் ஒரு கணக்கு. இரண்டடி தள்ளிப் பதித்தால் வேறொரு கணக்கு. ஒரே ஏக்கரில் மேட்டுப் பகுதிக்கும் பள்ளத்துக்கும் இடையிலேயே பெரிய வேறுபாடு இருக்கும்.

வானிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்கள் இந்தத் தேவையை நீக்கிவிடவில்லை. 2015-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் அளப்பது மண்ணின் மேற்புற 5 சென்டிமீட்டரைத்தான். ஒரு வட்டாரத்தில் வறட்சி வருகிறதா என்று அறிய அது பெரிதும் உதவும். ஆனால் ஒரு மஞ்சள் பாத்தியின் வேர்ப்பகுதியில் இன்று என்ன நிலை என்று சொல்ல, மண்ணுக்குள் ஒரு கருவி இருந்தாக வேண்டும். அந்தக் கருவியை அந்தந்த மண்ணுக்கு ஏற்றவாறு சரிபார்த்துத் தரும் ஆளும் இருந்தாக வேண்டும். கருவிக்கு மானியம் தரும் திட்டங்கள் இந்த இரண்டாவது தேவையை மறந்துவிட்டால், ஓராண்டில் அந்தக் கருவி மோட்டார் அறையின் மூலையில் கிடக்கும்.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். என் தம்பி மகனின் கேள்வி இவற்றைவிடக் கடினமானது.

தகவலுக்கு எப்போது மதிப்பு?

பொருளியலில் ஓர் எளிய கொள்கை உண்டு. ஒரு தகவல் நாம் எடுக்கும் முடிவை மாற்றக்கூடியதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அந்தத் தகவலின் பொருளாதார மதிப்பு சுழியம். எத்தனையோ ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதற்கு இவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு எங்கள் நிலத்திலேயே இருக்கும் என்று எண்ணியதில்லை.

என் சிறு வயதில் எங்கள் ஊரில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சாலுக்கும் மாடுகள் சரிவில் இறங்கி ஏற வேண்டும். விடியலில் தொடங்கினால் உச்சிப்பொழுதுக்குள் மாடுகள் களைத்துவிடும். தேவையில்லாமல் ஒரு சால் தண்ணீர் இறைக்க எவருக்கும் மனம் வராது. தண்ணீருக்கு யாரும் பணம் கேட்கவில்லை. ஆனால் மாட்டின் உழைப்பும் மனிதனின் உழைப்பும் அதன் விலையாக இருந்தன. மின்மோட்டார் அந்த உழைப்பை நீக்கியது. பெரிய விடுதலை அது. அதோடு விலையும் மறைந்துபோனது.

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அது ஆட்சியாளர்களின் பெருந்தன்மையால் மட்டும் வந்ததன்று. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டங்களும், துப்பாக்கிச்சூடுகளில் போன உயிர்களும் அதன் பின்னால் இருக்கின்றன. கிணறு வெட்டியவர், ஆழ்துளை இட்டவர், மோட்டார் வாங்கியவர் எல்லாம் விவசாயியே. ஆற்றுப் பாசனத்தில் அரசு கட்டிய அணையின் நீர் ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும்போது, சொந்தச் செலவில் நீர் எடுப்பவருக்கு மின்சாரமாவது இலவசமாக இருக்கட்டும் என்ற வாதத்தில் நீதி உண்டு. இலவச மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதுபவர்களோடு நான் சேரவில்லை.

ஆயினும் அதன் விளைவைப் பார்க்காமல் இருக்க முடியாது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாசன மின் இணைப்புகள் உள்ளன. கூடுதலாக ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் விவசாயிக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மறுபக்கம், ஓட்டாமல் விட்டால் அபாயம் உண்டு. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும், மின்னழுத்தம் போதுமா, மின்மாற்றி பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பது எதுவும் உறுதியில்லை. ஆகவே மின்சாரம் வந்ததும் தானாக மோட்டாரை இயக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டு விவசாயி உறங்கப் போகிறார். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் பாசன நேரம். நிலத்தையே நீர்த்தொட்டியாகக் கருதி, கிடைக்கும்போது நிரப்பிவைக்கிறார். அவருடைய நிலையில் அது முற்றிலும் அறிவார்ந்த முடிவு.

இந்தச் சூழலில் மண்ணுக்குள் இருக்கும் உணரி நீலம் காட்டினால் என்ன, சிவப்பு காட்டினால் என்ன?

ஒரு சிறு கணக்கு

இழப்பு எவ்வளவு என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். 100 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவர, இயற்பியல் விதிப்படி குறைந்தது 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் மோட்டார்களின் திறன் 40 விழுக்காடு என்று கொண்டால் அது சுமார் 135 யூனிட் ஆகிறது. நீர்மட்டம் 300 மீட்டருக்குப் போன இடங்களில் 400 யூனிட்டைத் தாண்டும். தேவையில்லாத ஒரே ஒரு தண்ணீர், ஓர் ஏக்கரில், இவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது. அந்தச் செலவை மின்வாரியமும் அரசும், முடிவில் வரி செலுத்துவோரும் சுமக்கிறார்கள்.

நிலத்தடியின் நிலையோ எல்லோரும் அறிந்தது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீட்டின்படி, நாட்டில் ஆண்டுக்கு எடுக்கப்படும் சுமார் 241 பில்லியன் கனமீட்டர் நிலத்தடி நீரில் 87 விழுக்காடு பாசனத்துக்கே செல்கிறது. தமிழ்நாட்டில் 2020 மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களில் 435 மிகை நுகர்வுக்கு உள்ளானவை எனக் கண்டறியப்பட்டன. மழை நிரப்புவதைவிட அதிகமாக அங்கே நீர் எடுக்கப்படுகிறது. மட்டம் இறங்க இறங்க, இன்னும் ஆழமாகத் துளையிட வசதி உள்ளவருக்கே தண்ணீர் கிடைக்கும். மின்சாரம் எல்லோருக்கும் இலவசம். ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கும் செலவு யாருக்கும் இலவசமில்லை. முதலில் வற்றுவது சிறு விவசாயியின் கிணறுதான்.

இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். தேவையற்ற ஒரு தண்ணீரைத் தவிர்த்தால் மிச்சமாகும் 135 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் வீதம் விவசாயிக்கு அரசு தந்தால், அவருக்கு 540 ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு எட்டு, பத்து முறை தவிர்த்தால் ஏக்கருக்கு 4,000 முதல் 5,000 ரூபாய். அப்போது அந்த நீல விளக்குக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. 4 ரூபாய் என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2018-இல் பஞ்சாபில் தொடங்கப்பட்ட 'பானி பச்சாவோ, பைசா கமாவோ' திட்டத்தில் இதே தொகைதான் வழங்கப்பட்டது. 'தண்ணீரைச் சேமி, பணம் ஈட்டு' என்பது அதன் பொருள். விரும்பிச் சேரும் விவசாயிக்கு மின்சாரம் தொடர்ந்து இலவசம். குறிப்பிட்ட அளவுக்குள் அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வங்கிக் கணக்கில் பணம்.

இரண்டு எச்சரிக்கைகள்

இதையே சர்வரோக நிவாரணியாக முன்வைக்க எனக்கு விருப்பமில்லை. வட குஜராத்தில் இதுபோன்ற முன்னோட்டத் திட்டம் ஒன்று ஆராயப்பட்டு, 2016-இல் அதன் முடிவுகள் வெளியாயின. தகுதியுள்ள விவசாயிகளில் நான்கில் மூன்று பங்கினர் மீட்டர் பொருத்திக்கொள்ள முன்வந்தார்கள். அதுவரை யாரும் எதிர்பாராத வெற்றி அது. ஆனால் அவர்களின் நீர்ப் பயன்பாடு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. என் பார்வையில் இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. தரும் ஈட்டுத்தொகை, அந்த நீரால் விவசாயிக்குக் கிடைக்கும் பயனைவிடக் குறைவாக இருந்தால் மோட்டார் நிற்காது. அடுத்து, எந்த அளவில் நிறுத்தினால் பயிருக்குக் கேடு வராது என்று உறுதியாகத் தெரியாதவர், ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு போக மகசூலைப் பணயம் வைக்க மாட்டார். அந்த உறுதியைத் தரும் வேலைதான் உணரியுடையது. ஊக்கத்தொகை இல்லாத உணரி பயனற்றது என்பதைப் போலவே, உணரி இல்லாத ஊக்கத்தொகையும் பாதி வழியில் நின்றுவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே திறன் மிக்க தெளிப்புப் பாசன முறைக்கு மாற மானியம் தரப்பட்டபோது, நிலத்தடி நீர் எடுப்பு குறைவதற்கு மாறாகக் கூடியது. மிச்சமான நீரைக் கொண்டு விவசாயிகள் அதிக நீர் கேட்கும் பயிர்களுக்கு மாறினார்கள், பரப்பையும் கூட்டினார்கள். திறன் கூடினால் பயன்பாடும் கூடும் என்று ஜெவோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் நிலக்கரியை வைத்து 1865-இலேயே எழுதியிருக்கிறார். நம் சொட்டுநீர்ப் பாசன மானியத் திட்டங்களுக்கும் இந்த அபாயம் உண்டு. மிச்சமாகும் நீர் நிலத்தடியில் தங்குகிறதா, பக்கத்துத் தரிசுக்கு ஓடுகிறதா என்று நாம் பார்ப்பதில்லை.

அதே கான்சாஸில் மருந்தும் இருக்கிறது. வடமேற்கில் ஷெரிடன் கவுண்டி பகுதி விவசாயிகள் தங்களுக்குள் கூடிப் பேசி, 2013 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஏக்கருக்கு மொத்தம் 55 அங்குலம் நீர் மட்டுமே எடுப்பது என்று வரம்பு வகுத்துக்கொண்டார்கள். ஓராண்டு மிச்சம் பிடித்ததை அடுத்த ஆண்டு பயன்படுத்தலாம். மாநில அரசு அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. நீர் எடுப்பு, இலக்காக வைத்த 20 விழுக்காட்டையும் தாண்டிக் குறைந்தது. விவசாயிகளின் வருவாய் பெரிதாகக் குறையவில்லை என்று மதிப்பீடுகள் காட்டின. நம் பேச்சுக்கு உரிய செய்தி என்னவென்றால், வரம்பு வந்த பிறகு மண் ஈர உணரிகளை நாடுவது அங்கே அதிகரித்தது. ஐந்தாண்டுக்கு இவ்வளவுதான் என்று தெரிந்தவுடன், இன்று தண்ணீர் விட வேண்டுமா என்ற கேள்வி முக்கியமாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்லும் கருவியும் முக்கியமாகிவிட்டது.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. மேலிருந்து இறங்கும் கட்டுப்பாட்டை விவசாயி ஏற்கமாட்டார் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. எனவே படிப்படியாகத்தான் போக வேண்டும்.

முதலில், உணரிக்கு முன்பாக உறுதியான மின்சாரம். நாளை காலை எட்டு மணிக்கு மும்முனை மின்சாரம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இருந்தால், இன்று இரவு மோட்டாரை நிறுத்த விவசாயி தயங்கமாட்டார். நேரத்தைக் கூட்டுவதைவிட அதை முன்கூட்டி அறிவித்து அதன்படி நடப்பது முக்கியம். இதற்குப் பெரும் செலவு தேவையில்லை, ஒழுங்கு தேவை.

அடுத்து, இலவச மின்சாரம் தொடரும் என்பதைச் சட்டத்தாலேயே உறுதிசெய்துவிட்டு, விரும்பும் விவசாயிகளுக்கு மட்டும் மீட்டர் பொருத்தி, மிச்சப்படுத்தும் யூனிட்டுக்குப் பணம் தரும் திட்டத்தை மிகை நுகர்வுக் குறுவட்டங்கள் சிலவற்றில் தொடங்கலாம். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே கட்டணம் வரப்போகிறது என்று விவசாயி அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவதில் பயனில்லை. எழுத்துமூலமான உறுதிமொழியால்தான் அதை நீக்க முடியும்.

மூன்றாவதாக, உணரியைத் தனியொருவருக்குத் தரும் பொருளாகப் பார்க்காமல் ஊருக்கான சேவையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் செம்மண், கரிசல், மணற்பாங்கு என்று மண்வகைக்கு ஓரிரு நிலங்களில் தரமான உணரிகளைப் பதித்து, உலர்த்தி எடை பார்க்கும் முறையில் அவற்றைச் சரிபார்த்து, அந்த அளவுகளை எல்லோருக்கும் தெரியும்படி கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் எழுதலாம். கைக்கருவிகளை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வாடகைக்குத் தரலாம். நெல் வயலுக்கு மின்னணுக் கருவிகூடத் தேவையில்லை. துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு தண்ணீர் கட்டினால் போதும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல காலமாகப் பரிந்துரைக்கிறது.

கடைசியாக, ஒரு நீர்ப்படுகையைப் பகிர்ந்துகொள்பவர்கள் கூடித் தங்கள் வரம்பைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, இந்த ஆண்டு எந்தப் பயிர் வைக்கலாம் என்று ஊர்கூடிக் கணக்குப் பார்த்த அனுபவம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் முறைவைத்து மடை திறந்த மரபு நம்முடையதே. நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாததால் அதற்கு முறை வகுக்க நாம் தவறிவிட்டோம். கண்ணுக்குத் தெரியாததை அளக்கக் கருவி வந்துவிட்ட பிறகு அந்தச் சமாதானம் செல்லாது.

மார்கழியில் தம்பி மகன் தொலைபேசியில் பேசினான். பள்ளமான பக்கத்துப் பாத்திகளில் மஞ்சள் கிழங்கு அழுகத் தொடங்கியிருக்கிறதாம். அதிக ஈரம்தான் காரணம் என்று வேளாண் அலுவலர் சொன்னாராம். மேட்டுப் பக்கம் பயிர் நன்றாகவே இருக்கிறது. இப்போது பள்ளத்துக்குப் போகும் மடையை மட்டும் அடைத்துவிட்டு, வாரத்துக்கு இருமுறை கருவியை வைத்துப் பார்த்துத்தான் திறக்கிறானாம். தேவையற்ற தண்ணீருக்கு அவன் கொடுத்த முதல் விலை அந்தக் கிழங்குகள்.

"மோட்டாரை என்ன செஞ்சே?" என்று கேட்டேன்.

"அது ஓடிட்டுத்தானுங்க இருக்குது. தென்னைக்குத் திருப்பி விட்டுட்டேன்" என்றான்.